காய்ச்சல் விட்டது, கை சில்லிட்டது

திருப்பூரிலிருந்து ஒரு சகோதரி எட்டுப் பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரையும் அடையாளங்களையும் நீக்கிவிட்டு, விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

அவருடைய கணவருக்கு வயது 42. பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். போன ஐப்பசியில் ஒரு திங்கட்கிழமை காய்ச்சல் ஆரம்பித்தது. இரண்டு நாள் மெடிக்கல் ஷாப் மாத்திரையில் ஓட்டினார்கள். புதன்கிழமை ரத்தப் பரிசோதனையில் டெங்கு என்று தெரிந்து, ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தார்கள். வெள்ளிக்கிழமை காலையில் காய்ச்சல் முழுதாக விட்டுவிட்டது. இரண்டு இட்லி சாப்பிட்டார், பேப்பர் படித்தார். தட்டணுக்கள் (பிளேட்லெட்) 62,000. வீட்டுக்குப் போகலாமா என்று கேட்டதற்கு, ரவுண்ட்ஸ் வந்த மூன்று டாக்டர்களும் "இன்னும் ரெண்டு நாள் இருக்கணும்" என்றார்கள். அதற்குள் பில் 38,000 ரூபாய். கணவரின் அண்ணன், "காய்ச்சலே இல்லாத ஆளுக்கு எதுக்குப் படுக்கை? பில்லை ஏத்தறாங்க" என்றார். இந்தச் சகோதரிக்கும் அது சரியென்றே பட்டது. ஆங்கிலத்தில் அச்சடித்த ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பகல் ஒரு மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிட்டார்கள்.

சாயங்காலம் வயிற்று வலி. இரண்டு முறை வாந்தி. எட்டரை மணிக்குக் கையைத் தொட்டால் சில்லென்று இருந்திருக்கிறது. காய்ச்சல் விட்ட உடம்பு அப்படித்தான் இருக்கும் என்று கம்பளியைப் போர்த்திவிட்டார். மதியத்திலிருந்து அவர் சிறுநீர் கழிக்கவில்லை என்பதும் இவருக்குத் தெரிந்திருந்தது. பதினொரு மணிக்கு பாத்ரூம் வாசலில் கணவர் சரிந்து விழுந்தார். 108 வந்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனது. ரத்த அழுத்தம் 90/76. மறுநாள் தட்டணுக்கள் 18,000 ஆக இறங்கியபோது, "பிளேட்லெட் ஏத்துங்க" என்று உறவினர்கள் சண்டை போட்டும் அங்கிருந்த டாக்டர் ஏற்றவில்லை. ஆறு நாளில் நல்லபடியாக வீடு திரும்பிவிட்டார்.

இதற்குப் பிறகுதான் கடிதத்தின் உண்மையான பாரம் வருகிறது. 2021இல் கொரோனா இரண்டாம் அலையில் இவருடைய அப்பா இறந்துபோனார். அப்போது பார்த்த எல்லா டாக்டர்களும், கொரோனாவிலிருந்து மீண்டவர் தானம் தரும் பிளாஸ்மாவை, அதாவது ரத்தத்தின் நீர்ப்பகுதியை, கொடுத்தே ஆக வேண்டும் என்றார்கள். இவருடைய தம்பி இரண்டு நாள் சோறு தண்ணீர் இல்லாமல் அலைந்து தானம் தர ஆள் பிடித்தார். அப்பா போன பத்தே நாளில், பிளாஸ்மாவால் பயனில்லை என்று அரசே அறிவித்துவிட்டது. "அன்றைக்கு எல்லா டாக்டரையும் நம்பினேன், அப்பா போய்விட்டார். இன்றைக்கு என் புத்தியை நம்பினேன், கணவர் போகப் பார்த்தார். ஆபத்து நேரத்தில் நான் யாரைத்தான் நம்புவது டாக்டர்? கையெழுத்துப் போட்டது நான்தானே, அந்தக் குற்றம் என்னுடையதுதானே?"

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை உங்கள் கேள்விக்காக. இரண்டாம் முறை, ஒரு நோயாளியின் கேஸ் ஷீட்டைப் படிப்பதுபோல. ஏனென்றால் அந்த இரவை நீங்கள் எழுதியிருக்கிற மாதிரி எங்கள் பயிற்சி டாக்டர்கள் எழுதிக் கொடுத்தால் நான் சந்தோஷப்படுவேன். வயிற்று வலி, வாந்தி, சில்லிட்ட கை, மதியத்திலிருந்து போகாத சிறுநீர் என்று எதையும் நீங்கள் தவறவிடவில்லை. உங்கள் கண் உங்களை ஏமாற்றவில்லை. கண் பார்த்ததற்கு மனசு சொன்ன காரணம்தான் ஏமாற்றியது. "காய்ச்சல் விட்டது, அதனால் சில்லென்று இருக்கிறது." இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் உங்கள் பெரிய கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிடும் என்று நினைக்கிறேன். அதனால் முதலில் உங்கள் கணவரின் உடம்பில் அன்றைக்கு என்ன நடந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

காய்ச்சல் விட்ட நாள்

நாம் சின்ன வயதிலிருந்து பார்த்த காய்ச்சல்கள் எல்லாம் ஏறும், இறங்கும், இறங்கினால் பிழைத்தோம். டெங்கு அப்படி இல்லை. பொதுவாகக் காய்ச்சல் தொடங்கிய மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் சூடு இறங்குகிறது. பெரும்பாலானவர்கள் அதோடு தேறிவிடுவார்கள். சிலருக்கு மட்டும் சரியாக அந்த நேரத்தில்தான் நுண்ணிய ரத்தக் குழாய்களின் சுவர் கசிய ஆரம்பிக்கிறது. ரத்தத்தின் நீர்ப்பகுதி வெளியே வடிந்து வயிற்றிலும் நெஞ்சுக் கூட்டிலும் தேங்குகிறது. ரத்தக் குழாய்க்குள் மிஞ்சுவது கெட்டியான ரத்தம். இந்தக் கசிவு 24 மணியிலிருந்து 48 மணி நேரம் வரை இருக்கும். டாக்டர்கள் கேட்ட "இன்னும் ரெண்டு நாள்" இந்தக் கணக்குதான். பாவம், அதை உங்களிடம் யாரும் இப்படிச் சொல்லவில்லை.

2004 டிசம்பர் 26 அன்று சில கரைகளில் கடல் உள்வாங்கியதைப் பார்த்துவிட்டு, வேடிக்கை பார்க்க இறங்கிப் போனவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் முட்டாள்கள் இல்லை. தண்ணீர் விலகினால் ஆபத்து விலகியது என்றுதான் அதுவரை இருந்த அனுபவம் சொல்லித் தந்திருந்தது.

உங்கள் கணவரின் ரிப்போர்ட் நகல்களையும் அனுப்பியிருந்தீர்கள். அதில் நீங்கள் வட்டம் போட்டிருந்தது தட்டணு எண்ணிக்கையை. நான் பார்த்தது அதற்கு மேல் இருந்த பிசிவி என்ற வரியை. ரத்தம் எவ்வளவு கெட்டியாக இருக்கிறது என்பதன் அளவு அது. புதன்கிழமை 40, வெள்ளிக்கிழமை காலை 47. ஓர் ஆணுக்கு இந்த இரண்டு எண்ணும் தனித்தனியே பார்த்தால் சாதாரணம்தான். ஆனால் இரண்டு நாளில் 40 என்பது 47 ஆகிறது, தட்டணு இறங்கிக்கொண்டிருக்கிறது என்றால், நீர் கசிகிறது என்று அர்த்தம். அவர் இட்லி சாப்பிட்டுக்கொண்டு பேப்பர் படித்த அதே நேரத்தில் உள்ளே அது நடந்துகொண்டிருந்தது. இரவில் இருந்த 90/76 இன்னும் மோசம். மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் 14தான் இடைவெளி. 20க்குக் கீழே வந்தால் நாங்கள் ஓட ஆரம்பித்துவிடுவோம். இந்த நிலையிலும் நோயாளி தெளிவாகப் பேசுவார், "எனக்கு ஒண்ணுமில்ல" என்பார். அனுபவம் குறைந்த டாக்டர்களே இதில் ஏமாந்துபோவது உண்டு. அதனால் கம்பளி போர்த்தியதற்காக உங்களை நீங்களே திட்டிக்கொண்டிருக்க வேண்டாம்.

எத்தனை டாக்டர்கள் சொன்னார்கள் என்ற கணக்கு

இப்போது உங்கள் அப்பா விஷயம். இதை எழுதுவது எனக்குச் சுலபமில்லை. 2021 ஏப்ரல், மே மாதங்களில் நானும் பிளாஸ்மாவுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

அந்தச் சிகிச்சை பயன்படுகிறதா என்று நம் நாட்டிலேயே சோதித்தார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 39 மருத்துவமனைகளில் 464 நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வு அது. பிளாஸ்மா கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் நோய் முற்றுவதிலோ மரணத்திலோ வித்தியாசம் இல்லை என்று 2020 அக்டோபரிலேயே முடிவு வெளிவந்துவிட்டது. தேசிய சிகிச்சை வழிகாட்டியிலிருந்து பிளாஸ்மாவை நீக்கியது 2021 மே 17ஆம் தேதி. நடுவில் ஏழு மாதம். அந்த ஏழு மாதமும் என்னைப் போன்றவர்கள் எழுதினோம். ஏன்? எல்லோரும் எழுதினார்கள். நான் எழுதாமல் விட்டு நோயாளி இறந்துபோனால் வீட்டாருக்கு என்ன பதில் சொல்வது என்ற பயம். கூட்டத்தோடு கோவிந்தா போட்டோம், அவ்வளவுதான்.

ஆகவே நீங்கள் அன்று பார்த்தது நிபுணர்களின் பெரும்பான்மைக் கருத்து என்று நினைத்தால், அதை மட்டும் கொஞ்சம் திருத்த வேண்டியிருக்கிறது. பத்து டாக்டர்கள் ஒரே சீட்டை எழுதினார்கள், உண்மை. அந்தப் பத்துப் பேரும் தனித்தனியே யோசித்து ஒரே இடத்துக்கு வந்தார்களா, இல்லை ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதினார்களா? முதலாவது பத்து சாட்சி. இரண்டாவது ஒரே சாட்சியைப் பத்துத் தடவை கூப்பிட்டது. உங்கள் கணவரின் வார்டில் மூன்று டாக்டர்கள் ஒன்றே சொன்னார்கள் என்கிறீர்கள். அதுவும்கூட ஒரே யூனிட், ஒரே பெரிய டாக்டர் என்றால் ஒரு கருத்துதான். ஆனால் அந்த ஒரு கருத்துக்குப் பின்னால் பல நாடுகளில் பல ஆண்டுகளாக டெங்கு நோயாளிகளைப் பார்த்துப் பார்த்து எழுதிய கணக்கு இருந்தது. பிளாஸ்மாவுக்குப் பின்னால் இருந்த கணக்கோ எதிர்த்திசையில் கை காட்டிக்கொண்டிருந்தது. தலைகளை எண்ணுவதைவிட, "இது எதை வைத்துச் சொல்கிறீர்கள்?" என்று கேட்பது உங்களுக்கு அதிகம் உதவும்.

கொரோனா சமயத்தில் மாஸ்க் விஷயத்தில் நிபுணர்கள் தப்பாகச் சொன்னார்கள் என்று உங்கள் கணவரின் அண்ணன் அடிக்கடி இழுக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பொதுமக்கள் மாஸ்க் போடலாம் என்று உலக சுகாதார நிறுவனம் தெளிவாகச் சொன்னது 2020 ஜூன் 5ஆம் தேதிதான். அதற்கு முன் தேவையில்லை என்ற தொனியில்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். மருத்துவமனைகளுக்கே மாஸ்க் போதாமல் போய்விடுமோ என்ற கவலையும், ஆதாரம் போதவில்லை என்ற தயக்கமும் ஒன்றாகக் கலந்து வெளியே வந்தது. அதைப் பிரித்துச் சொல்லியிருந்தால் மக்கள் மன்னித்திருப்பார்கள். வாயைத் துண்டால் மூடிக்கொண்டு கடைக்குப் போன நம் ஊர்ப் பாட்டிகள் அந்த விஷயத்தில் முந்திக்கொண்டார்கள்.

சரி, ஆனால் அண்ணனிடம் ஒன்று கேளுங்கள். அதே பொதுப்புத்திதான் கத்தரிக்காயைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னது. ஆக்சிஜன் தேவையே இல்லாதவர்களுக்கும் இரண்டாம் நாளே ஸ்டீராய்டு மாத்திரை வாங்கித் தரச் சொன்னது. அந்த மாத்திரை ஆக்சிஜனில் இருப்பவர்களின் உயிரைக் காப்பாற்றும் என்று 2020 ஜூனில் வந்த பிரிட்டன் ஆய்வு சொன்னது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்குப் பலன் இல்லை என்று சொன்னதும் அதே ஆய்வுதான். டாக்டர்கள் தப்பு செய்ததைத் தேதியோடு அவரால் சொல்ல முடிகிறதே, ஏன்? நாங்கள் அதை எழுதி வைத்திருக்கிறோம். பொதுப்புத்தி செய்த தப்புக்கு யார் நோட்டுப் போட்டார்கள்?

வியன்னாவின் கர்ப்பிணிகள்

இந்தப் பிரச்சினை புதிதில்லை. 1840களில் வியன்னா பொது மருத்துவமனையில் இரண்டு பிரசவப் பகுதிகள் இருந்தன. முதல் பகுதியில் டாக்டர்களும் மருத்துவ மாணவர்களும், இரண்டாவதில் மருத்துவச்சிகளும் பிரசவம் பார்த்தார்கள். முதல் பகுதியில் பிரசவ ஜன்னி கண்டு இறந்தவர்கள் மிக அதிகம். இது ஊருக்கே தெரியும். முதல் பகுதிக்கு அனுப்பாதீர்கள் என்று பெண்கள் மண்டியிட்டுக் கெஞ்சியிருக்கிறார்கள். பேராசிரியர்களோ காற்று சரியில்லை, பெண்கள் பயப்படுகிறார்கள் என்று ஏதேதோ விளக்கம் வைத்திருந்தார்கள். பெண்கள் சொன்னதுதான் சரி.

ஆனால் ஏன் என்று அந்தப் பெண்களுக்கும் தெரியாது. இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற இளம் டாக்டர் உட்கார்ந்து மாதவாரியாகக் கணக்கெடுத்தார். பிணக்கூறு அறையிலிருந்து நேரே பிரசவம் பார்க்க வருகிறவர்களின் கையில்தான் வினை இருக்கிறது என்று சந்தேகித்து, குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவ வைத்தார். 1847 ஏப்ரலில் நூற்றுக்கு 18 பேர் இறந்த அந்தப் பகுதியில் ஜூன் மாதம் நூற்றுக்கு 2 பேர்தான் இறந்தார்கள். அப்படியும் அன்றைய பெரிய டாக்டர்கள் பலர் அவரை ஏற்கவில்லை. எங்கள் தொழிலுக்கு இது இன்னும் தலைகுனிவுதான்.

இந்தக் கதையை உங்களுக்குச் சொல்லக் காரணம், எங்கே ஆபத்து என்று பார்த்த கண் நோயாளிகளுடையது. காரணத்தைக் கண்டுபிடிக்கக் கணக்கு தேவைப்பட்டது. உங்கள் வீட்டிலும் கை சில்லிட்டதைக் கண்டது நீங்கள்தான். அந்தச் செய்தி, அதற்கு அர்த்தம் தெரிந்தவரிடம் போய்ச் சேரவில்லை. அவ்வளவுதான் நடந்தது.

பிளேட்லெட் சண்டை

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். எண்ணிக்கை குறைகிறது, அதனால் ஏற்ற வேண்டும் என்று உறவினர்களுக்குத் தோன்றியது இயல்பு. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் 20,000க்கு இறங்கிய 372 பேரிடம் சோதித்து 2017இல் முடிவு சொன்னார்கள். பெரிய ரத்தப்போக்கு இல்லாதவர்களுக்கு முன்னெச்சரிக்கையாக ஏற்றியதால் ரத்தப்போக்கு குறையவில்லை, பக்க விளைவுகள்தான் கூடின. நம் நாட்டில் பல டாக்டர்கள் இன்றும் 30,000, 40,000இலேயே ஏற்றிவிடுகிறார்கள், பாதி உறவினர்களுக்குப் பயந்து. அந்த அரசு மருத்துவமனை டாக்டர், சுற்றி நின்று கத்திய கூட்டத்துக்கும் சக டாக்டர்களின் பழக்கத்துக்கும் வளையாமல் நின்றிருக்கிறார். கசிவுக்கு வேண்டிய நீரை அளந்து கொடுத்தார். கசிவு நின்றதும் குறைத்தார். அதைச் செய்யாவிட்டால் வெளியே போன நீர் திரும்பி வரும்போது நுரையீரல் திணறிப்போகும். அவரை ஒரு நாள் போய்ப் பார்த்து நன்றி சொல்லுங்கள்.

பப்பாளி இலைச்சாறு கொடுத்ததால்தான் எண்ணிக்கை ஏறியது என்று உங்கள் அத்தை சொல்வதோடு சண்டை போட வேண்டாம். கசிவு நின்ற இரண்டு மூன்று நாளில் தட்டணு தானாகவே ஏறும். யார் எதைக் கொடுத்திருந்தாலும் பெயர் கிடைத்திருக்கும்.

கையெழுத்துப் போடுவதற்கு முன்

சில விஷயங்கள் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

முதலாவது, உங்கள் கணவர் சுயநினைவோடு இருந்தார். முடிவு அவருடையது. 2008இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில், சுயமாக முடிவெடுக்கக் கூடிய வயதுவந்தவரின் சம்மதத்துக்குப் பதிலாகத் தாயின் சம்மதம் செல்லாது என்றே சொல்லியிருக்கிறது. உங்கள் எட்டுப் பக்கத்தில் அண்ணன் சொன்னது இருக்கிறது, டாக்டர்கள் சொன்னது இருக்கிறது, நீங்கள் நினைத்தது இருக்கிறது. படுக்கையில் இருந்தவரை யாராவது கேட்டதாக ஒரு வரிகூட இல்லை.

இரண்டாவது, டாக்டர் சொல்லை மீறி வீட்டுக்குப் போக நோயாளிக்கு உரிமை உண்டு. ஆனால் போனால் என்ன ஆகலாம் என்று உங்களுக்குப் புரிகிற மொழியில் சொல்ல வேண்டியது மருத்துவமனையின் கடமை. ஆங்கிலத் தாளை நீட்டினால், "தமிழில் படித்துச் சொல்லுங்கள், எந்த அறிகுறி வந்தால் திரும்பி வர வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள்" என்று கேளுங்கள். அந்த ஐந்து நிமிடம் நடந்திருந்தால் நீங்கள் எட்டரை மணிக்கே 108ஐக் கூப்பிட்டிருப்பீர்கள். அதனால்தான் குற்றம் முழுவதும் உங்களுடையது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

மூன்றாவது, கையெழுத்துப் போட்டுவிட்டோமே, திரும்பிப் போனால் சேர்த்துக்கொள்ள மாட்டார்களோ என்று பலர் வீட்டிலேயே உட்கார்ந்துவிடுகிறார்கள். உயிருக்கு ஆபத்தான நிலையில் வருபவருக்கு அரசு டாக்டரோ தனியார் டாக்டரோ முதலுதவி மறுக்கக் கூடாது என்று 1989இலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. சிகிச்சைக் குறிப்புகளின் நகலை எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு விதி. இன்னொரு டாக்டரிடம் கருத்துக் கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு.

பில் பயம் பொய்யில்லை. தேவையில்லாமல் படுக்க வைக்கிற இடங்கள் உண்டு, மூடி மறைக்க நான் தயாரில்லை. ஆனால் அன்றைக்கு உங்கள் முன்னால் அந்த மருத்துவமனை, இல்லாவிட்டால் வீடு என்று இரண்டே வழிதான் இருப்பதுபோல நின்றுவிட்டீர்கள். ரிப்போர்ட்டுகளோடு அதே வெள்ளிக்கிழமை பகலில் அரசு மருத்துவமனைக்கு மாறியிருக்கலாம். அடுத்த இரண்டு நாளும் செலவில்லாமல் கண்காணிப்பில் இருந்திருப்பார். இரவு பதினொன்றரைக்கு எப்படியும் அங்கேதானே போய்ச் சேர்ந்தீர்கள்?

பில்லுக்காக வைத்திருக்கிறார்களா, நோய்க்காகவா என்று சந்தேகம் வந்தால் டாக்டரிடம் நேராகக் கேளுங்கள்: "எதுக்காகக் காத்திருக்கீங்க? எது சரியானா எங்களை அனுப்புவீங்க?" காரணம் இருப்பவர் உடனே சொல்லிவிடுவார். டெங்கு என்றால், மாத்திரை இல்லாமல் இரண்டு நாள் காய்ச்சல் வரக் கூடாது, பசி வர வேண்டும், சிறுநீர் நன்றாகப் போக வேண்டும், தட்டணு ஏறுமுகமாக வேண்டும், டிரிப்ஸ் இல்லாமலே பிசிவி நிலையாக நிற்க வேண்டும் என்பார். பதில் சொல்லாமல், "நீங்க டாக்டரா நான் டாக்டரா" என்று எரிந்து விழுபவரிடமிருந்து தாராளமாக வேறு இடத்துக்குப் போகலாம். வேறு இடம் என்றால் வேறு மருத்துவமனை, வீடு இல்லை. ஆளைத் தேர்ந்தெடுக்க, கேள்வி கேட்க, மாற்றத்தைக் கவனிக்க உங்கள் புத்தி போதும். உள்ளே ரத்தக் குழாய் கசிகிறதா என்று தீர்மானிக்க அது போதாது. என்னுடையதும் போதாது, நானும் பிசிவியைப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

கடைசியாக ஒரு வேலை சொல்கிறேன். டெங்கு வைரஸில் நான்கு வகை உண்டு. உங்கள் கணவருக்கு வந்த வகை பெரும்பாலும் மறுபடி வராது, மற்ற மூன்றில் ஒன்று வரலாம். இரண்டாம் முறை வருவது கடுமையாக இருக்க வாய்ப்பு அதிகம். அதனால் டிஸ்சார்ஜ் சம்மரியைப் பத்திரப்படுத்துங்கள். அடுத்து எப்போது காய்ச்சல் வந்தாலும் முதல் நாளே அதைக் காட்டுங்கள். வலிக்கு ஊசி போட்டுக்கொள்ள வேண்டாம், பாராசிட்டமால் மட்டும் போதும். அப்புறம், எனக்கு எழுதிய கடிதத்தில் ஐந்தாம் பக்கத்தை, மணி வாரியாக நீங்கள் எழுதியிருக்கிற அந்த இரவை, ஒரு நகல் எடுத்து அதே ஃபைலில் வையுங்கள். அடுத்த டாக்டருக்கு அது ரிப்போர்ட்டைவிட உதவும்.